ஏழு இரவும் படகிலேயே: மாலத்தீவா, செங்கடலா, இந்தோனேசியாவா?

படகிலேயே தங்கி நாள் முழுக்க டைவ் செய்யும் பயணத்துக்கு லிவ்அபோர்டு என்று பெயர். நான் முதன்முதலில் அப்படிப் போனது மாலத்தீவுக்கு. அப்போது என் கணக்கில் 24 டைவ், அத்தனையும் அலையில்லாத, சரிவாக இறங்கும் பவளப்பாறைகளில், கைடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க ஆடி அசைந்து போனவை. மூன்றாம் நாள் ஒரு கால்வாயின் வாயில் குதித்தோம். குதித்தவுடன், மிதக்க உதவும் ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல் நேரே கீழே போய்விட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு ஐந்து மீட்டரிலேயே காது அடைத்துக்கொண்டது, மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்தில் என் கூட்டம் கண்ணை விட்டே போய்விட்டது. மேலே வந்து, அதுவரை ஒரு தடவைகூட விரித்துப் பார்த்திராத ஆரஞ்சு மிதவையை ஊதிப் பிடித்தபடி அலையில் ஆடிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் படகு வந்து தூக்கிக்கொண்டது. பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் அடுத்த இரண்டு நாள் டெக்கில் உட்கார்ந்து மற்றவர்கள் பார்த்த சுறாக்களின் கதையைக் கேட்டதுதான் மிச்சம்.

கைடு மேல் தப்பில்லை, கடல் மேலும் தப்பில்லை. படங்களைப் பார்த்து முன்பதிவு செய்தவன் என் டைவ் கணக்கைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது மூன்று பேர் சேர்ந்து அடுத்த பயணத்துக்குத் திட்டம் போட்டோம். லீவு பிப்ரவரியில்தான் கிடைக்கும். ஒருவருக்கு 200 டைவுக்கு மேல், எனக்கு 90, மூன்றாமவருக்கு 30. இந்தத் தடவை வரிசையை மாற்றினேன்: முதலில் மாதம், அடுத்தது எங்களில் அனுபவம் குறைந்தவர், அப்புறம்தான் எந்தக் கடல் என்பது. மீன் பட்டியலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன், ஏனென்றால் அதை முதலில் எடுத்தால் வேறு எதையும் யோசிக்கத் தோன்றாது.

மாதம் எதைக் கழித்துவிடுகிறது

வெதுவெதுப்பான கடல் என்றால் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று நினைப்பது இயல்பு. அப்படி இல்லை. எகிப்துப் பக்கச் செங்கடலில் ஆகஸ்டில் தண்ணீர் 28, 29 டிகிரி இருக்கும், பிப்ரவரியில் வடக்குப் பகுதியில் 21, 22க்கு இறங்கிவிடும். 22 டிகிரி கேட்கக் குளிராகத் தெரியாது. ஆனால் தண்ணீர் உடம்பின் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சும், ஒரு நாளைக்கு நான்கு டைவ், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், மேலே வந்தால் வடக்கிலிருந்து காற்று என்றால் மூன்றாம் நாளே கடலைப் பார்த்தால் அலுப்பு வரும்.

இந்தோனேசியாவின் கொமோடோவுக்கு ஏப்ரல் முதல் நவம்பர் வரை நல்ல காலம், ஜனவரி, பிப்ரவரி மழை. அதே நாட்டின் ராஜா அம்பாட் நேர் எதிர், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நன்றாக இருக்கும், ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று வாட்டும். அதனால்தான் இந்தோனேசியாவின் பல படகுகள் பாதி வருடம் அங்கே, பாதி வருடம் இங்கே என்று இடம்பெயர்கின்றன. தாய்லாந்தின் சிமிலன் தேசியப் பூங்கா மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியே கிடக்கும், பேச்சுக்கே இடமில்லை. மாலத்தீவில் படகுகள் வருடம் முழுக்க ஓடும், ஆனால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் வானம் தெளிவு, மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மழையும் அலையும் கொஞ்சம் கூடுதல்.

ஆக, பிப்ரவரி என்றதுமே எங்களுக்குச் செங்கடலும் கொமோடோவும் கழிந்துவிட்டன. மிச்சம் மாலத்தீவு, ராஜா அம்பாட், சிமிலன். ஆனால் உங்கள் லீவு வேறு மாதத்தில் இருக்கலாம், அதனால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம்.

மாலத்தீவு

கடலுக்கடியில் பெரிய மிருகம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், எனக்கு அங்கே அடி விழுந்திருந்தாலும். 26 அடோல்கள், அடோல் என்ற சொல்லே அவர்களுடைய திவேகி மொழியிலிருந்து உலகத்துக்குப் போனது. வளையம் வளையமாகப் பவளத்திட்டுகள், அவற்றுக்கு நடுவே வெளிக்கடலையும் உள்கடலையும் இணைக்கும் கால்வாய்கள். இந்தக் கால்வாய்க்கு அங்கே கண்டு என்று பெயர். வெளிக்கடல் தண்ணீர் உள்ளே பாயும்போது கால்வாயின் வாயில் சாம்பல் நிறப் பாறைச் சுறாக்கள் வந்து வரிசை கட்டி நிற்கும், நாம் பாறையில் ஒரு கொக்கியை மாட்டிக்கொண்டு கொடியில் காயும் துணி மாதிரி ஆடியபடி அவற்றைப் பார்ப்போம். 2010இல் சுறா பிடிப்பதை நாடு முழுக்கத் தடை செய்துவிட்டார்கள், அதன் பலன் கண்ணுக்கு நேரே தெரியும்.

பருவக்காற்றின் கணக்கு இங்கே ரொம்ப முக்கியம், இதைப் புரிந்துகொண்டால் படகுக்காரர் தரும் வழித்தடம் ஏன் அப்படி இருக்கிறது என்பதும் புரியும். வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே போகும். அதனால் கிழக்குப் பக்கக் கால்வாய்களில் தெளிந்த தண்ணீர் நுழையும், சுறா பார்க்க நல்ல பக்கம் அது. அடோலைக் கடந்து மேற்கே வெளியேறும் தண்ணீரில் மிதவை உயிரிகள் நிறைந்திருக்கும், தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் அவற்றைத் தின்ன மாண்டா திருக்கைகள் அந்தப் பக்கம் கூடும். தென்மேற்குப் பருவத்தில் எல்லாம் தலைகீழ். பா அடோலின் ஹனிஃபாரு குடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை மாண்டாக்கள் கூட்டம் கூட்டமாக வருவது இதனால்தான். அங்கே டேங்க் மாட்டி இறங்க அனுமதி இல்லை, ஸ்நார்கல் மட்டும்தான், அதையும் தெரிந்துகொண்டு போங்கள். தெற்கு அரி அடோலில் திமிங்கலச் சுறாக்கள் வருடம் முழுக்க உண்டு, ஆனால் உண்டு என்பதற்கும் நீங்கள் பார்ப்பீர்கள் என்பதற்கும் நடுவே நிறையக் கடல் இருக்கிறது.

படகு வசதியில் மாலத்தீவை அடித்துக்கொள்ள ஆளில்லை. தூங்குவதும் சாப்பிடுவதும் ஒரு பெரிய படகில், காற்று நிரப்பும் கம்ப்ரசரும் டேங்குகளும் ஈர உடைகளும் பின்னாலேயே வரும் இன்னொரு படகில். அந்த இரண்டாவதற்கு தோனி என்று பெயர், நம் தோணிக்கு ஒட்டின உறவு. கம்ப்ரசர் இரைச்சல் இல்லாமல் மத்தியானம் தூங்கலாம் என்பது முதல் நாள் சின்ன விஷயமாகத் தெரியும், ஐந்தாம் நாள் அதன் அருமை தெரியும்.

குறை என்ன? நீரோட்டம். பல படகுகள் அட்வான்ஸ்ட் (அடிப்படைப் படிப்புக்கு அடுத்த நிலை) சான்றிதழும் 30 முதல் 50 டைவ் அனுபவமும் கேட்பார்கள், கேட்காதவர்களிடம் நீங்களே கேளுங்கள். ஆழ எல்லை சட்டப்படி 30 மீட்டர். பவளத்தின் நிறத்தையும் சின்ன உயிர்களையும் தேடிப் போகிறவர்களுக்கு மாலத்தீவு கொஞ்சம் ஏமாற்றம் தரலாம். 1998லும் 2016லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்த பாதிப்பு பல இடங்களில் இன்னும் தெரிகிறது.

செங்கடல்

செங்கடல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் இரண்டு வேறு பயணங்கள் அவை. வடக்குத் தடம் மூழ்கிய கப்பல்களுக்கு. திஸ்டில்கார்ம் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மன் விமானத்தின் குண்டில் மூழ்கியது, வட ஆப்பிரிக்காவில் இருந்த படைகளுக்குப் போன சரக்கு அது. லாரிகளும் அவற்றின் மேல் வரிசையாக நிறுத்திய மோட்டார் சைக்கிள்களும் ரப்பர் பூட்ஸ்களும் இன்றும் சரக்கறையில் அப்படியே இருக்கின்றன. கடல் தரை 30 மீட்டர் ஆழத்தில்தான், மேல்தளம் அதற்கும் நன்றாக மேலே. போர்க்காலக் கப்பலைப் பார்க்க வேண்டுமானால் தனிப் பயிற்சி பெற்று ஆழத்துக்குப் போகும் டெக்னிகல் டைவராக இருக்க வேண்டும் என்ற நினைப்பை உடைக்கும் இடம். அபு நுஹாஸ் பாறையில் 1869இல் மோதி மூழ்கிய கார்னாட்டிக் என்ற நீராவிக் கப்பல் கிடக்கிறது, பலகைகள் எல்லாம் போய் இரும்பு விலா எலும்புகள் மட்டும் நிற்கும், ஊடே வெளிச்சம் விழும், படம் எடுப்பவர்கள் அங்கிருந்து நகரவே மாட்டார்கள்.

தெற்குத் தடம் வேறு கதை. பிரதர்ஸ், டெடலஸ், எல்ஃபின்ஸ்டன் என்ற மூன்று பெயரைச் சேர்த்து ஒரே வாரத்தில் போவார்கள். முதல் இரண்டும் நடுக்கடலில் தனித்து நிற்கும் பாறைகள், சுற்றிலும் பல நூறு மீட்டர் ஆழம். கோடையில் டெடலஸ் பக்கம் சுத்தியல் மாதிரித் தலையுள்ள கொம்பன் சுறாக் கூட்டம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீளச் சிறகுள்ள வெள்ளைமுனைச் சுறாக்கள். இந்த வெள்ளைமுனைச் சுறா மற்றவை மாதிரி விலகிப் போகாது, நேரே பக்கத்தில் வந்து நோட்டம் விடும். ரசிக்கத் தெரிந்தவருக்குச் சொர்க்கம், மேற்பரப்பில் கால் உதைத்துக்கொண்டு பதறுகிறவருக்கு அல்ல. கடல் பூங்காவின் இந்தத் தொலைதூரத் தீவுகளுக்கு 50 டைவ் குறைந்தபட்சம் என்று விதியே இருக்கிறது. சில படகுகள் கண்டும் காணாமலும் ஏற்றிக்கொள்வதும் உண்டு. அப்படி ஏற்றிக்கொள்வது உங்களுக்குச் செய்யும் சலுகை இல்லை.

இன்னொன்று, செங்கடலின் உப்பு. பொதுவான கடலில் ஒரு கிலோ தண்ணீருக்கு 35 கிராம் உப்பு என்றால் இங்கே 40 அளவில். வழக்கமான எடையோடு குதித்தால் தக்கை மாதிரி மிதப்பீர்கள், ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகக் கட்ட வேண்டும். முதல் நாள் சோதனை டைவ் வைப்பது இதற்காகவும்தான், "எனக்கு எதற்கு இதெல்லாம்" என்று தவிர்க்காதீர்கள்.

படகில் ஒரு இரவுக்கு ஆகும் செலவு பொதுவாக மற்ற இடங்களைவிட இங்கே குறைவு. குறைவாக இருப்பதால் படகைக் கூடுதலாக விசாரிக்க வேண்டும், அதற்குக் கீழே வருகிறேன்.

இந்தோனேசியா: கொமோடோவும் ராஜா அம்பாட்டும்

கொமோடோவில் பசிபிக் பெருங்கடலின் தண்ணீர் இந்தியப் பெருங்கடலுக்குத் தீவுகளின் சந்து வழியாகத்தான் பாய வேண்டும். அந்த நெருக்கடியில் நீரோட்டம் சில நாள் ஆறு மாதிரி இருக்கும். பாத்து போலோங் என்ற பாறையில் நீரோட்டம் படாத பக்கத்திலேயே மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போக வேண்டும், ஓரத்தைத் தாண்டினால் தண்ணீர் உங்களைக் கீழே இழுக்கும். ஆனால் அந்தப் பாறையில் ஒரு சாண் வெற்றிடம் இருக்காது, அத்தனை பவளம், அத்தனை மீன். வடக்கில் தண்ணீர் 28 டிகிரி, தெற்கே போனால் ஆழத்துக் குளிர்நீர் மேலே வருவதால் 23, 24. ஒரே வாரத்தில் இரண்டு வெட்சூட் வேண்டும்.

ராஜா அம்பாட்டைப் பற்றி எல்லோரும் கையை விரித்துப் பேசுவார்கள், அதில் மிகை அதிகம் இல்லை. உலகத்தில் தெரிந்த கடினப் பவள இனங்களில் முக்கால் பங்கு அந்த ஒரு பகுதியில் உண்டு. மீனியல் அறிஞர் ஜெரி ஆலன் 2012இல் கிரி முனையில் ஒரே டைவில் 374 மீன் இனங்களை எண்ணினார். ஒரே டைவில்! என்னைக் கேட்டால் அந்த எண்ணிக்கையே ஒரு எச்சரிக்கையும்கூட. ஏனென்றால் அங்கே அழகு பக்கத்தில் போய்ப் பார்க்கிற அழகு, கடல் விசிறி என்ற பவளத்தில் அரிசி மணி அளவு கடல்குதிரை, பாறைக்கடியில் கம்பளம் மாதிரி படுத்திருக்கும் வொபெகாங் சுறா. மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் அங்கே போனால் பார்ப்பதைவிட உடைப்பது அதிகம். 374 இனமும் கண்ணுக்கு முன்னால் போனாலும் அவருக்குத் தெரியப்போவது ‘நிறைய மீன்’. நூறு டைவுக்கு அப்புறம் போனால்தான் அந்த இடத்துக்கு நியாயம் செய்ய முடியும் என்பது என் கட்சி. எங்கள் 200 டைவ்காரர் இதை ஏற்கவில்லை, அவர் 40 டைவில் போய் வந்தவர், பவளம் ஒன்றையும் தொடவில்லை என்று சத்தியம் செய்கிறார்.

தூரமும் கணக்கில் வேண்டும். சோரோங் துறைமுகத்துக்குப் போய்ச் சேரவே பல விமானங்கள் மாற வேண்டும், செலவும் பொதுவாக இந்தப் பட்டியலில் இதற்குத்தான் அதிகம். அவ்வளவு தூரம் போய் ஏழு இரவில் திரும்புவது மனசு வராது, பத்து, பதினொரு இரவு என்று இழுக்கும், அந்த நேரம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். படகு பெரும்பாலும் பினிசி என்ற மரப் படகு, தெற்கு சுலாவெசியின் அந்தக் கட்டுமானக் கலையை 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். படத்தில் பார்த்தால் மயங்கிவிடுவோம். சில பழைய படகுகளில் அறைக்குள் டீசல் வாடை வரும், அது படத்தில் தெரியாது.

சிமிலன்

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் சுருக்கம் என்பது அதன் பலம். நான்கு இரவில் சிமிலன் தீவுகள், கோ போன், கோ தாச்சாய், ரிச்செலியூ பாறை எல்லாம் முடிந்துவிடும். மேற்குப் பக்கம் யானைகள் உருண்டு கிடப்பது மாதிரி பெரிய கருங்கற்கள், கிழக்குப் பக்கம் சாந்தமான பவளச் சரிவு, அதனால் ஒரே படகில் புதியவரும் பழையவரும் போகலாம். ரிச்செலியூ பாறையில் ஊதா நிற மென்பவளம், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அதிர்ஷ்டம் இருந்தால் திமிங்கலச் சுறா. குறை, கூட்டம். ஒரே பாறையைச் சுற்றி நான்கைந்து படகுகள் நிற்கும், கைடு அதிகாலையில் முதலில் இறக்கிவிட்டால் பிழைத்தோம்.

படகே வேண்டுமா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. லாபுவான் பாஜோவில் தங்கித் தினமும் படகில் போனால் கொமோடோவின் நடுப்பகுதி முழுக்கப் பார்க்கலாம். திகுரா தீவில் விடுதி எடுத்தால் தெற்கு அரி பக்கத்திலேயே. எல்ஃபின்ஸ்டன் கரையிலிருந்து போய் வரக்கூடிய தூரம்தான். ராஜா அம்பாட்டின் கிரி தீவில் தங்கினால் அங்குள்ள டாம்பியர் நீரிணை வாசலில் இருக்கிறது. கடல் குமட்டல் உள்ளவர், டைவ் செய்யாத துணையோடு போகிறவர், ஒரு நாளைக்கு இரண்டு டைவ் போதும் என்பவர் கரையில் தங்குவதே நல்லது. பிரதர்ஸ், டெடலஸ், ராஜா அம்பாட்டின் தெற்கே உள்ள மிசூல், தெற்கு மாலத்தீவின் தூர அடோல்கள் இவற்றுக்குத்தான் படகு முக்கியம். ஏழு இரவில் 18, 20 டைவ் என்பது கேட்கச் சுகம், ஆனால் நான்காம் நாள் காது ஊறிப்போய் வலிக்கும்போது விடியற்காலை ஆறு மணி மணியோசை எமன் மாதிரி ஒலிக்கும். டைவ் முடிந்தவுடன் நல்ல தண்ணீரில் காதைக் கழுவிக் காய விடுவது அந்த வலியை ஓரளவு தள்ளிப்போடும்.

படகை எப்படி விசாரிப்பது

இடத்தைவிட இதில்தான் நான் இப்போது அதிக நேரம் செலவழிக்கிறேன். 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியாக் கரையருகே ஒரு டைவ் படகில் இரவில் தீப்பிடித்து 34 பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்தில் தூங்கியவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன, இரண்டுமே தீப்பிடித்த அதே கூடத்துக்குத்தான் போயின. இரவுக் காவலுக்கு ஆள் ரோந்து சுற்றவில்லை என்பது விசாரணையில் வந்தது. அது குளிர்க்கடல், ஆனால் செங்கடலிலும் 2023இல் தீயும் 2024 நவம்பரில் ஒரு படகு கவிழ்ந்ததும் உயிர்களைக் கொண்டுபோயின.

அதனால் முன்பதிவுக்கு முன் எழுத்தில் கேட்கிறேன்: இரவு முழுக்க விழித்திருக்கும் ஆள் உண்டா, அறையிலிருந்து வெளியேறும் இரண்டாவது வழி எங்கே போய்த் திறக்கிறது, பேட்டரிகளை எங்கே சார்ஜ் செய்வார்கள், ஒரு கைடுக்கு எத்தனை பேர், ஆக்சிஜன் எத்தனை சிலிண்டர். கேமரா, டார்ச் பேட்டரியை அறையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது என்று படகுக்காரரே கண்டிப்பாகச் சொன்னால் எனக்கு நிம்மதி. இந்தக் கேள்விகளுக்கு ஒருவர் ‘கவலைப்படாதீர்கள்’ என்று மட்டும் பதில் எழுதினார், அவரை அப்போதே விட்டுவிட்டேன். படகில் ஏறியதும் முதல் இரவு அந்த இரண்டாவது வழியைத் திறந்து நானே ஒரு தடவை ஏறிப் பார்ப்பேன், மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நைட்ராக்ஸ், அதாவது சாதாரணக் காற்றைவிட ஆக்சிஜன் கூடுதலாக உள்ள கலவை பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு நான்கு டைவ் என்று நாள்கணக்கில் போகும்போது நைட்ரஜன் குறைவாக உடம்பில் சேருவது பெரிய உதவி, 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு ஆழ எல்லை சுமார் 33 மீட்டர், லிவ்அபோர்டுக்குப் போதும். சான்றிதழ் வகுப்பைக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தபின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும் என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பின் வழிகாட்டல், நான் 24 என்றே வைக்கிறேன். அதனால் ஏழு இரவு என்று போட்டிருந்தாலும் டைவ் கிடைப்பது ஐந்தரை நாள்தான். டைவ் காப்பீடு இல்லாமல் இந்தப் பயணங்கள் எதற்கும் போகாதீர்கள், டைவ் செய்ததால் வரும் அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருக்கும் ஊருக்குப் போய்ச் சேரும் செலவே தலை சுற்ற வைக்கும்.

சரி, எங்கள் மூவர் கதைக்கு வருகிறேன். 30 டைவ்காரர் வெள்ளைமுனைச் சுறாவும் மாண்டாவும் ராஜா அம்பாட்டும் எல்லாம் ஒரே வருடத்தில் வேண்டும் என்கிறார். 200 டைவ்காரர் மாலத்தீவின் கால்வாய்களுக்கு இழுக்கிறார், பிப்ரவரியில் கிழக்குக் கரைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று. அவர் சொல்வது உண்மைதான். ஆனால் கால்வாயில் குதித்ததும் நேரே கீழே போக முடியாமல் மிதவையைப் பிடித்து ஆடியவன் நான் என்பதால் என் ஓட்டு சிமிலனுக்கு, நான்கு இரவு, கிழக்குச் சரிவில் தொடங்கி ரிச்செலியூவில் முடிப்பது. கிளம்புவதற்கு முன் 30 டைவ்காரர் மிதவை விடுவதை ஆழம் குறைந்த தண்ணீரில் பத்துத் தடவை செய்து காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறேன். அவர் ஒப்புக்கொண்டார், பதிலுக்கு நானும் பத்துத் தடவை செய்து காட்ட வேண்டுமாம்.